மணியோசை நடந்த தெருக்கள்: மணப்பாட்டு இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய மணப்பாட்டு இளைஞர்களே,

உங்கள் ஊருக்கு மேற்கே, உடன்குடிக்கும் அப்பால், பனங்காடும் செம்மணல் தேரியுமாக விரிந்து கிடக்கும் பூமியில் பிறந்தவன் நான். என் சிறு பிராயத்தில், செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால், திருச்சிலுவைக் கோயில் திருவிழாவுக்காக எங்கள் பக்கத்து மாட்டுவண்டிகள் கிழக்கு முகமாகப் புறப்படும். என் தகப்பனார் கருப்பட்டிச் சிப்பங்களை ஏற்றிக்கொண்டு வந்து உங்கள் ஊரில் விற்றுவிட்டு, திரும்பும்போது கருவாட்டுக் கட்டோடு வருவார். மதத்தாலும் தொழிலாலும் நாங்கள் வேறு. ஆயினும் மணற்குன்றின் உச்சியில் வெள்ளை வெளேரென்று நிற்கும் அந்தக் கோயில் தென்பட்ட மாத்திரத்தில், வண்டியிலிருந்த பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கை குவித்தது இன்றைக்கும் என் கண்ணை விட்டு அகலவில்லை. அந்த ஒரு பாத்தியதையைக் கொண்டே இந்த மடலை உங்களுக்கு எழுதத் துணிகிறேன்.

விஷயம் இதுதான்: உங்கள் ஊருக்கு வருகிற யாத்திரிகரும் பிரயாணிகளும் தங்கள் செல்போனில் கேட்டுக்கொண்டே இடம் இடமாக நடந்து பார்ப்பதற்கு ஏற்றவாறு ஓர் ஒலி வழிகாட்டியை நீங்களே, உங்கள் ஊர்க் குரல்களிலேயே, தயாரிக்க வேண்டும். ஏன் வேண்டும் என்பதற்கு என் கண்ணால் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு, திருவிழாக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு நாள் பிற்பகலில் நான் குன்றின் மேல் சென்று, கோயிலின் கடல் பக்கமாக இறங்கி, இக்கரையில் வேதம் போதித்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியிருந்ததாகச் சொல்லப்படும் குகையருகே உட்கார்ந்திருந்தேன். பட்டணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் காரிலிருந்து இறங்கிற்று. குகைக்குள் குனிந்து பார்த்தார்கள். உள்ளே இருக்கும் நன்னீர்க் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். அலைக்கு முதுகைக் காட்டி நின்று நான்கைந்து படம் பிடித்துக்கொண்டார்கள். "வேற என்ன இருக்கு இங்க?" என்று அந்த வீட்டுப் பெண்பிள்ளை கேட்டாள், "அவ்வளவுதான்மா" என்று தகப்பனார் பதில் சொன்னார். ஐந்து நிமிஷம் ஆவதற்குள் கார் புறப்பட்டுவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்ப்பதற்கு எவ்வளவோ இருந்தும், இன்னது பாருங்கள் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஒரு குரல் இல்லையே என்றுதான் என் மனம் தவித்தது.

இல்லை என்றா சொன்னேன்? இருந்தது. பத்தடி தூரத்தில் ஒரு முதியவர் நிழலில் அமர்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த கண்களை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பாய்மரக் காலத்தில் இங்கிருந்து கன்னியாகுமரிக்குத் தோணியில் போவதுண்டா என்று கேட்டதற்கு, அவர் ஊசியை நிறுத்தாமலேயே, "மாசத்தச் சொல்லும் அண்ணாச்சி. ஆனிக் கச்சான்ல தெக்க ஏற முடியுமா? பாய விரிச்சா பின்னாலதான் தள்ளும், நடந்து போறவன் முன்ன போயிருவான்" என்றார். கச்சான் என்பது அந்த மாதத்தில் தெற்கே போகிறவருக்கு எதிராக அடிக்கும் காற்று.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மெய் சிலிர்த்தது, காரணம் சொல்கிறேன். 1544-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், போர்த்துக்கீசியர் தம் ஏடுகளில் 'படகர்' என்று எழுதிய வடுகர் குதிரைப்படை தென்கோடிக் கரையோரத்து ஊர்களின் மேல் பாய்ந்தது. பரதவர் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு கடலுக்குள் ஓடி, குமரிமுனைப் பாறைகளின் மேல் பசியும் தாகமுமாக ஒண்டிக் கிடந்தன. அந்தச் செய்தி கேட்ட பிரான்சிஸ் சவேரியார், இருபது தோணிகளில் உணவுப்பொருளை ஏற்றிக்கொண்டு இதே மணப்பாட்டிலிருந்து தெற்கே புறப்பட்டார். எட்டு நாள் கடலில் கிடந்தும், எதிர்க்காற்றின் வேகத்தால் குமரியை எட்ட முடியாமல், வந்த வழியே திரும்ப நேர்ந்தது; பிறகு கால்நடையாகவே போய்ச் சேர்ந்தார். இதையெல்லாம் அவரே தம் தோழர் மான்சிலாஸ் என்பவருக்கு அவ்வப்போது எழுதிய கடிதங்களில் குறித்திருக்கிறார். அக்கடிதங்களில் பல, மணப்பாட்டில் இருந்து எழுதப்பட்டவை. அவற்றைச் சுர்ஹாமர், விக்கி என்னும் இரு இயேசு சபை அறிஞர்கள் ஒப்புநோக்கிப் பரிசோதித்து 1944, 1945-ஆம் ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார்கள். ஆனால், எழுத்து வடிவில் பாதுகாக்கப்படும் அந்தச் சாட்சியத்துக்கு உரை சொல்லக்கூடிய ஞானம், அக்கடிதங்களைக் கண்ணாலும் பாராத ஒரு வலைஞரின் வாயில், அந்தக் குகைக்குப் பத்தடி தூரத்தில், இத்தனை காலமும் சும்மா இருந்திருக்கிறது! அந்தக் குடும்பத்துப் பெண்பிள்ளை கேட்டாளே, வேறென்ன இருக்கிறது என்று, இதுதான் இருந்தது.

ஆகையால், ஒலி வழிகாட்டி என்றவுடன், எங்கிருந்தோ ஒரு கணீரென்ற வாடகைக் குரலை வரவழைத்து, கோயில் மலரில் உள்ள பத்திகளை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துவிடுவதாக எண்ணிவிடாதீர்கள். அப்படிச் செய்யப்பட்ட ஒன்றை வேறோர் ஊரில் காதில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்: நான் நின்ற தூண் வேறு, குரல் வர்ணித்த தூண் வேறு, 'உலகப் பிரசித்தி பெற்ற' என்றும், 'காண்போரைப் பரவசப்படுத்தும்' என்றும் அது சொல்லிக்கொண்டே போயிற்றேயொழிய, தலையைத் தூக்கி வலப்பக்கம் பார் என்று ஒரு தடவையாவது சொல்லவில்லை. 1952-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஸ்டெடலிக் கலைக்கூடத்தில், கூடத்துக்குள் மாத்திரம் கேட்கும் ஒலிபரப்பாக இந்த ஏற்பாட்டை முதன்முதலில் கையாண்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இதன் பிரயோஜனம் ஒன்றே: காது வேலை செய்யும்போது கண்ணுக்கு விடுதலை கிடைக்கிறது. அறிவிப்புப் பலகையைப் படிப்பவன் பலகையைப் பார்க்கிறான். குரலைக் கேட்பவனோ கடலைப் பார்க்கலாம். அந்த விடுதலையைப் பயன்படுத்தாத ஒலிப்பதிவு வெறும் வாசிப்பாகவே நின்றுவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. என் மனத்துக்கு அதுவே பிரதானமாகப் படுகிறது. உங்கள் கரையில் வேதம் பரவியதே செவி வழியாகத்தான். பரதவர்கள் 1536, 1537-ஆம் ஆண்டுகளை ஒட்டி ஆயிரமாயிரமாக ஞானஸ்நானம் பெற்றார்கள் என்றாலும், முத்துக்குளித்துறையின் உரிமை பற்றிய பகைமையில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி அவர்கள் எடுத்த அந்த முடிவுக்குப் பிறகு, ஜெபத்தைக் கற்றுக்கொடுக்க ஆளில்லாமலே சில வருஷங்கள் கழிந்தன. 1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சவேரியார் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு பாஷையும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் கட்டளைகளையும் மிகுந்த பிரயாசையோடு தமிழில் பெயர்த்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் ஒரு மணியை ஏந்தித் தெருத் தெருவாக ஆட்டிக்கொண்டு நடந்து, ஓசை கேட்டு ஓடிவந்த பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டி, நாளைக்கு இருமுறை வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். கேட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோவதையும், அந்த மக்களின் மொழியிலேயே ஜெபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிக் குரல் எழும்பாமல் போவதையும் 1544-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கொச்சியிலிருந்து ரோமாபுரித் தோழர்களுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அச்சிட்ட தமிழ் நூலாகிய தம்பிரான் வணக்கம், பதினாறே பக்கத்தில், என்றீக்கே என்றீக்கசு பாதிரியாரின் உழைப்பால் கொல்லத்தில் வெளிவந்தது 1578-ஆம் ஆண்டில் அல்லவா? அதற்கும் முப்பத்தைந்து வருஷம் முந்தி, இந்தக் கரை காதால் கற்றது. உங்கள் ஊரை ஒருவர் காதால் அறிந்துகொள்வது புது நாகரிகமும் அல்ல, இரவல் நாகரிகமும் அல்ல. உங்கள் தெருக்களுக்கு அது பழைய வழக்கம். எனவே, வழிகாட்டியின் முதல் ஓசை, வரவேற்புரையாக இல்லாமல், ஒரு கைமணியின் ஓசையாக இருக்கட்டும். உபதேசியார் ஒருவர் அதை ஆட்டிக்கொண்டு தெருவில் நடந்து வரட்டும். மணியோசை தூரத்திலிருந்து கிட்டே வந்து, கேட்பவரைக் கடந்து போகட்டும். அதன் பின்னரே கதை தொடங்கட்டும்.

குன்றின் மேல் என்ன சொல்வது? அங்கே நிற்பவருக்கு முதலில் சொல்லவேண்டியது பாய்மரச் சிலுவையின் கதை. 1540-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசிய வர்த்தகக் கப்பல் ஒன்று புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்து தத்தளிக்கையில், கரை சேர்ந்தால் முறிந்த மரத்திலேயே சிலுவை செய்து நாட்டுவதாக அதன் மாலுமி நேர்ந்துகொண்டார் என்றும், அலை தள்ளிவந்து சேர்த்த கரை மணப்பாடு என்றும், அவ்வாறே சிலுவை இக்குன்றில் நாட்டப்பட்டது என்றும் நீங்கள் தொட்டில் பருவத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அதை ஒளிவுமறைவு இல்லாமல் ஐதிகம் என்றே சொல்லுங்கள். 'எங்கள் பாட்டனார் எங்களுக்குச் சொன்னபடி' என்று ஒரு மூதாட்டி தொடங்கினால், அந்தச் சொல்லே கேட்பவருக்குத் தராசைக் கையில் கொடுத்துவிடும். கோயில் 1581-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பதையும், கடிதங்களில் உள்ள விஷயங்களையும் சொல்லும்போது வேறொரு குரல், ஓர் இளைஞரின் நிதானமான குரல், பேசட்டும். ஐதிகம் பாட்டியின் வாயிலும், ஆவணம் பேரனின் வாயிலும் வந்தால், எது எது என்று பிரித்துக் காட்ட வேறு விளக்கமே வேண்டாம். ஐதிகத்தைச் சரித்திரம் என்று சாதிப்பதும் தவறு. சரித்திரத்தின் பெயரால் ஐதிகத்தை அடித்துத் துரத்துவதும் தவறு. இரண்டும் உங்கள் வீட்டுச் சொத்து.

குகையில் நிற்கும்போது, சவேரியாருக்கு முன்னர் அங்கே ஒரு சைவத் துறவி வாழ்ந்திருந்தார் என்று சொல்லப்படுவதை விட்டுவிடாதீர்கள். சிலர் அதைச் சொல்லத் தயங்கக்கூடும். எனக்கோ, உப்பு நீருக்கு நடுவே ஊறும் அந்த நன்னீர்க் கிணற்றை ஒரு துறவி கண்டுபிடித்துக் குடித்திருக்க, பின்னால் வேறொரு துறவி வந்து அதே நீரைக் குடித்தார் என்பதைப் போல அந்த இடத்துக்குக் கௌரவம் சேர்க்கும் செய்தி வேறொன்றும் இல்லை என்று தோன்றுகிறது. அங்கே இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசவே வேண்டாம். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, 'இனி அரை நிமிஷம் நாங்கள் பேசப்போவதில்லை. கிணற்றையும் அலையையும் கேளுங்கள்' என்று சொல்லி விட்டுவிடுங்கள்.

குன்றிலிருந்து இறங்கிக் கழிமுகம் வரையில் நடந்தால், கருமேனியாறு கடலைத் தேடி வந்து மணல் திட்டுக்குப் பின்னால் தயங்கிக் கிடப்பதைக் காணலாம். அலைச்சறுக்கு விளையாட வருகிற இளம்பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் கூடுகிறார்கள்; அவர்களுக்கும் ஒரு பதிவு வேண்டும். மணல் திட்டு எந்தப் பருவத்தில் வளர்கிறது, எந்தப் பருவத்தில் கரைகிறது, நீவாடு எந்தத் திசையில் இழுக்கும், எந்த இடத்தில் இறங்கக் கூடாது என்பதையெல்லாம் கடலுக்குப் போகிறவரே சொல்லட்டும். அது சரித்திரப் பாடமாகவும் இருக்கும், உயிரைக் காப்பாற்றும் புத்திமதியாகவும் இருக்கும். ஊருக்குள்ளே வந்து பரிசுத்த ஆவி ஆலயத்தையும் யாகப்பர் ஆலயத்தையும் பார்த்து, கொழும்பு வியாபாரம் செழித்த நாளில் எழுந்த பெரிய வீடுகளின் முன்னால் நிற்கும்போது, ஜன்னல், மேசை, அலமாரி, சாவி, பாதிரி என்று நாம் தினமும் புழங்குகிற வார்த்தைகள் போர்த்துக்கீசியர் விட்டுப்போனவை என்பதை ஒரு சிறு பிள்ளையின் குரலில் சொன்னால் போதும். கேட்பவர் ஜன்னலைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். திண்ணையில் குருத்தோலை கிழித்துப் பெட்டி முடைகிற பெண்களின் விரலோசைக்கு ஒரு நிமிஷம் கொடுங்கள். அந்த ஓலை எங்கள் காட்டு ஓலை. அதைச் சொன்னால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்.

பக்கத்து ஊர்களையும் மறக்க வேண்டாம். வடக்கே குலசேகரப்பட்டினத்தில் தசரா நாட்களில் வேஷம் கட்டுகிற கூட்டம் உண்டு. 1915 முதல் 1940 வரை திருச்செந்தூரிலிருந்து அவ்வழியாகத் திசையன்விளைக்கு ஓடிய சிறு ரயிலின் ஞாபகம் உண்டு. 2024-ஆம் ஆண்டில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அஸ்திவாரம் போடப்பட்டதும் அங்கேதான். காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களும் திருச்செந்தூர்க் கோபுரமும் ஒரு பகல் பிரயாணத்துக்குள் அடங்கும். அவற்றின் கதைகளை அந்தந்த ஊராரே தங்கள் வாயால் சொல்லட்டும். உங்கள் வழிகாட்டியின் கடைசிப் பதிவில் அவ்வூர்களின் பெயரைச் சொல்லித் திசையைக் காட்டிவிட்டால் உங்கள் கடமை தீர்ந்தது.

தொழில் பற்றிச் சில வார்த்தைகள். ஒரு பதிவு மூன்று நிமிஷத்துக்கு மேற்படாமல் இருக்கட்டும். வெயிலில் நிற்கிறவரின் பொறுமைக்கு அதுதான் எல்லை. ஒவ்வொரு பதிவும் 'நீங்கள் இப்போது இன்ன இடத்தில், இன்ன திசையைப் பார்த்து நிற்கிறீர்கள்' என்று தொடங்கி, 'இனி இன்ன பக்கம் நடங்கள்' என்று முடிய வேண்டும். குன்றின் மேல் மைக்கைப் பிடித்தால் காற்று மாத்திரமே பதிவாகும். ஆகவே பேச்சை வீட்டுக்குள் பதிவு செய்து, கடலோசையைத் தனியாகப் பிடித்து, பிற்பாடு மெல்லச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியிலேயே பேசவைத்தாக வேண்டுமானால் மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள். திருவிழாக் கூட்டத்தில் சிக்னல் கிடைக்காமல் திண்டாட நேரிடும் என்பதால், எல்லாப் பதிவுகளையும் முன்கூட்டியே இறக்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும். கியூஆர் குறிகளைத் தகரத்திலோ காகிதத்திலோ ஒட்டிவைத்தால் உப்புக்காற்று தின்றுவிடும்; சுட்ட ஓட்டுச் சதுரத்தில் பதித்துச் சுவரில் பூசிவிடுங்கள். கண் தெரியாதவர் ஒருவரை முதலில் அழைத்துச் சென்று கேட்கச் செய்யுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே உங்கள் வாக்கியம் பிழைபட்டிருக்கிறது என்று அறிந்து திருத்துங்கள். கேட்கிற கருவியை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; மற்றக் காது ஊருக்கு வேண்டும்.

குரல்களைத் திருத்தாதீர்கள் என்பது என் பிரார்த்தனை. 'தெக்க', 'ஏற', 'பாய விரிச்சா' என்று அந்த முதியவர் சொன்னதை இலக்கணத் தமிழாக்கி வேறொருவரைக் கொண்டு வாசிக்கச் செய்தால், காற்று போய்விடும், கடல் போய்விடும், அவரும் போய்விடுவார். உங்கள் கரையின் பேச்சு, எங்கள் தேரிக்காட்டுப் பேச்சிலிருந்தே எவ்வளவோ வித்தியாசப்பட்டது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனின் பருவத்துக்கும் நீங்கள் வைத்திருக்கும் பெயர்கள் எங்கள் வாயில் வருவதில்லை. பாய்மரம் ஓட்டிய கை இன்னும் சில இருக்கின்றன; எந்திரப் படகுக்கு முந்திய கடலை அறிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகிறார்கள். இதை நினைக்கும்போதுதான் எனக்கு அவசரம் பிடிக்கிறது. சவேரியாரின் கடிதங்கள் அச்சில் பத்திரமாக இருக்கின்றன. இன்னும் நானூறு வருஷம் கழித்தும் இருக்கும். அந்த முதியவரின் வார்த்தையை எந்தப் பெட்டியும் காக்கவில்லை.

ஆகவே முதல் பதிவை அவரிடமிருந்தே தொடங்குங்கள். குகைக்குப் பத்தடி தள்ளி, பிற்பகல் நிழல் விழுகிற பக்கத்தில் இருப்பார். மைக்கை உடனே நீட்டாதீர்கள். அருகில் உட்கார்ந்து வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனி மாதத்தில் கன்னியாகுமரிக்குப் பாய் விரித்துப் போகலாமா என்று மாத்திரம் கேளுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் ஊருக்கு மேற்கே பனங்காட்டில் பிறந்த ஒருவன்